தெமாரி நகைகள்: உமி உருண்டையிலிருந்து காதணி வரை

நூல் சுற்றி, மேலே பூவேலை தைத்த ஜப்பானியத் தெமாரிப் பந்தைப் படத்தில் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "அந்தப் பூவை எப்படித் தைத்தார்கள்?" என்றுதான். அதையே நகையாகச் செய்ய உட்காருபவர் கேட்க வேண்டியது வேறு. உள்ளே இருக்கும் உருண்டை சரியான உருண்டைதானா? 8 செ.மீ. பந்தில் ஒரு மி.மீ. கோணல் இருந்தால் யார் கண்ணுக்கும் படாது. 2 செ.மீ. காதணியில் அதே ஒரு மி.மீ. பூவை ஒரு பக்கமாக இழுத்துவிடும். எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் அதற்குப் பிறகு சரிசெய்ய வழியில்லை. அதனால்தான் இந்த வழிகாட்டியில் சுற்றுவதையும் அளப்பதையும் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். பொறுமையில்லாதவர்கள் நேராகத் தையல் பகுதிக்குத் தாவலாம். ஆனால் பாதியில் திரும்பி இங்கேதான் வருவார்கள்.

கொஞ்சம் வரலாறு

தெமாரியின் மூதாதை கெமாரி. அது காலால் உதைத்து ஆடும் தோல்பந்து, 7ஆம் நூற்றாண்டு வாக்கில் சீனத்திலிருந்து ஜப்பானுக்கு வந்தது. கையால் தட்டி ஆடும் நூல்பந்து அதற்குப் பின்னால் தோன்றியது. பழைய கிமோனோவின் கிழிசல் துணியை உருட்டி, மேலே நூல் சுற்றிப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எடோ காலத்தில் (1603–1868) அரண்மனையிலும் பிரபுக்கள் வீடுகளிலும் இருந்த பெண்கள் அந்தச் சுற்றின்மேல் பட்டுநூலால் பூவேலை செய்ய ஆரம்பித்தார்கள். பருத்தி நூல் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் கலை ஊர்ப்புறத்துக்கும் இறங்கியது. அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் (1868–1912) ரப்பர் பந்து வந்தது. நூல்பந்து ஆட்டத்தைவிட்டு விலகி, பரிசாகவும் அலங்காரமாகவும் நிலைத்துவிட்டது. துறவிக் கவிஞர் ரியோகான் (1758–1831) ஊர்ப்பிள்ளைகளோடு தெமாரி ஆடியே பொழுதைக் கழித்தவர் என்று இன்றும் பேசப்படுகிறார்.

நூலால் வரிந்த பந்தை ஆடும் பெண்கள் நம் சங்கப் பாட்டுகளிலும் உண்டு. இரண்டுக்கும் தொடர்பு தேட வேண்டியதில்லை. நூலும் குழந்தைகளும் இருக்கும் ஊரிலெல்லாம் இது தானாகவே பிறந்திருக்கும்.

ஜப்பானில் இன்றைக்கும் ஊருக்கு ஊர் தெமாரி வேறு. நகை செய்பவருக்கு ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது. ககாவா மாகாணத்தின் சனுகித் தெமாரியில் உள்ளே நெல் உமி, வெளியே செடிச்சாயம் ஏற்றிய பருத்தி நூல். நமக்கு வேண்டிய உள்ளீடு அதுதான். அகிதா மாகாணத்தின் ஹோன்ஜோப் பந்தில் மூன்று பக்கம் குஞ்சம் தொங்கும். ஜிமிக்கி பிடித்தவர்களுக்கு அந்த அமைப்பு உடனே பிடித்துவிடும். மாட்சுமோட்டோ நகரத்தில் தெமாரி ஊர்ச்சின்னமாகவே ஆகிவிட்டது. சாலையின் சாக்கடை மூடிகளில்கூட அந்தப் பந்துகளை வார்த்திருக்கிறார்கள்.

கனசாவா நகரம் இருக்கும் பழைய காகாப் பகுதியில் பந்து சீர்வரிசையில் சேர்ந்துவிட்டது. பின்னாளில் ஷோகுன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்) ஆன ஹிடெடாடாவின் மகள் தாமாஹிமே 1601இல், குழந்தையாக இருக்கும்போதே, மாஏதா குடும்பத்துக்கு மருமகளாக அங்கே போனாள். போகும்போது கையோடு கொண்டுபோன விளையாட்டுப் பந்திலிருந்து காகாத் தெமாரி தொடங்கியது என்று சொல்வார்கள். மணமாகிப் போகும் மகளுக்குத் தாய் ஒரு பந்து செய்து கொடுக்கும் பழக்கம் அப்படி வந்தது. யனகாவா ஊரிலோ பெண்குழந்தையின் முதல் மார்ச் 3 பொம்மைத் திருநாளுக்குக் கூரையிலிருந்து தொங்கல் கட்டுவார்கள். 7 சரம், சரத்துக்கு 7 பொம்மை, நடுவில் பெரிய பந்து 2, ஆக 51. மனித ஆயுள் 50 என்று நினைத்த காலத்தில், அதற்குமேல் ஒரு வருடமாவது இருக்கட்டும் என்று சேர்த்த கணக்கு அது.

எந்த வடிவம் யாருக்கு

பந்தின் உருண்டை வடிவமே மங்கலம்: குடும்பம் மனக்கசப்பில்லாமல் சேர்ந்திருக்கட்டும், காரியங்கள் தடையில்லாமல் உருண்டோடட்டும் என்ற வாழ்த்து. மேலே தைக்கும் வடிவம் அதற்கு இன்னொரு பொருளைச் சேர்க்கிறது.

சாமந்தி நீண்ட ஆயுளுக்கு. ஜப்பானிய அரச முத்திரை 16 இதழ்ச் சாமந்திதான். தெமாரியில் அதிகம் தைக்கப்படும் வடிவங்களில் இதுவும் ஒன்று. நமக்குச் சாமந்தி என்றால் பூஜைத்தட்டும் மாலையும் நினைவுக்கு வரும். அங்கே அது இலையுதிர்காலத்தின் பூ, ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளில் அதற்கென்றே ஒரு திருநாள் உண்டு. ஆமையோட்டு அறுகோணமும் ஆயுளுக்குத்தான். ஆமை பத்தாயிரம் வருடம் வாழும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. சணல் இலை வடிவம் கைக்குழந்தைகளின் உடைக்கு உரியது. அந்தச் செடி கோணாமல் விறுவிறுவென்று வளரும், பிள்ளையும் அப்படி வளரட்டும் என்று. சகுரா என்னும் செர்ரிப் பூவுக்கு ஐந்து இதழ். அதைத் தைக்க வேண்டுமென்றால் பந்தை 8 ஆக இல்லாமல் 10 ஆகப் பிரிக்க வேண்டும்.

நிறத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் ஜப்பானில் கொண்டாட்டம். கறுப்பும் வெள்ளையும் மட்டும் சேர்ந்தால் துக்கவீட்டு உறையில் கட்டும் கயிற்றின் நிறம். நீங்கள் போட்டுக்கொள்வதென்றால் உங்கள் விருப்பம். ஜப்பானியத் தோழிக்கு அன்பளிப்பாகச் செய்கிறீர்கள் என்றால், கறுப்பு வெள்ளையோடு கொஞ்சம் சிவப்போ தங்க நிறமோ சேர்த்துவிடுங்கள்.

தேவையானவை

உமி ஒரு கைப்பிடி. நன்றாகச் சலித்தது வேண்டும், குறுநொய் கலந்திருந்தால் ஆறு மாதத்தில் புழு வைக்கும். சலித்தபின் ஒருநாள் நல்ல வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். உமி கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் 15 மி.மீ. தெர்மோகோல் உருண்டை வாங்கலாம். மரமணியை உள்ளே வைக்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குண்டூசி இறங்காது, காதிலும் கனக்கும்.

பழைய மெல்லிய பருத்தித் துணி, மெல்லிய உல்லன் நூல், அடிநிறத்தில் மெஷின் தையல் நூல், கோடு போட ஒரு சரிகை நூல், 6 இழை எம்பிராய்டரி நூல் இரண்டு மூன்று நிறத்தில். இந்தக் கடைசி நூல் ஒரு கண்டு 8 மீட்டர் இருக்கும். நாம் இரண்டு இழைதான் பிரித்தெடுக்கப் போகிறோம், எனவே ஒரு கண்டு பல ஜோடிக்குக் காணும். நீளமான மெல்லிய ஊசி, நிறத்தலை வைத்த குண்டூசி, கத்தரிக்கோல், இழுபடாத தாளில் 3 மி.மீ. அகலத்தில் நறுக்கிய நீளப் பட்டிகள். நகைப் பகுதிக்கு 5 செ.மீ. ஹெட் பின் (ஒரு முனையில் தலையுள்ள கம்பி), சின்ன முத்து, பீட் கேப் (மணிக்கு மேல் வைக்கும் சின்னத் தொப்பி), ஜம்ப் ரிங் (திறந்து மூடும் சின்ன வளையம்), காதுக் கொக்கி, ரவுண்ட் நோஸ் பிளையர், வெட்டும் கட்டர்.

வளையலுக்கும் ஜிமிக்கிக்கும் சுற்றும் சில்க் த்ரெட் வீட்டில் நிறைய இருக்கிறதே, அதிலேயே தைக்கலாமா என்று தோன்றும். தைக்கலாம், பளபளப்பும் அள்ளும். ஆனால் பெரும்பாலும் அது ரேயான், முறுக்கும் இருக்காது. ஊசி போகும்போதே இழை பிரிந்து, நகத்தில் சிக்கி, மேலெழும்பும். அதை நடுப்பட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பூவுக்குப் பருத்தி நூல்தான் சரி.

சிவப்பு, நீலம், கருஞ்சிவப்பு நூல்களை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூலை ஒதுக்கிவிடுங்கள். கழுத்து வியர்வையில் வெள்ளை இதழ் இளஞ்சிவப்பானால் அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பந்தைச் சுற்றுதல்

காதணிக்கு முடிவில் 20 மி.மீ. விட்டம் வேண்டும். அரை டீஸ்பூனுக்கும் குறைவான உமியை 6 செ.மீ. சதுரத் துணியின் நடுவில் வைத்து, முனைகளைக் கூட்டி, இறுக்கமாக முறுக்கி, தேவைக்கு மேலுள்ள துணியை வெட்டிவிட்டு நூலால் கட்டுங்கள். உள்ளங்கையில் உருட்டும்போது சுமார் 15 மி.மீ. இருக்க வேண்டும். கட்டு போட்ட இடம் புடைத்து நிற்கும், கவலை வேண்டாம்.

அதன்மேல் உல்லன் நூலை ஒரு மி.மீ. கனத்துக்குச் சுற்றுங்கள். அந்தப் புடைப்பு இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து மற்ற இடங்களில் கூடுதலாகச் சுற்றினால் உருண்டை சமமாகும். பிறகு மெஷின் நூல். இதில்தான் கை பழக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பந்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், ஒரே பாதையில் நூல் இரண்டுமுறை போகக் கூடாது. ஒழுங்கான சுற்று வேண்டாம், ஒழுங்கில்லாமல் எல்லாத் திசையிலும் போன சுற்றுதான் உருண்டையைத் தரும். ரொம்ப இறுக்கினால் ஊசி நுழையாது, தளர்ந்தால் தையல் போட்ட இடம் பள்ளமாகும். விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கித் திரும்பி எழும்ப வேண்டும். ஒரு காதணிப் பந்துக்கு 30 முதல் 40 மீட்டர் மெஷின் நூல் போகும்.

பாதியிலேயே அளந்து பாருங்கள். காகிதப் பட்டியை மூன்று வெவ்வேறு திசையில் பந்தைச் சுற்றிப் பிடித்தால் மூன்றும் ஒரே நீளம் வர வேண்டும். 20 மி.மீ. பந்துக்குச் சுற்றளவு 63 மி.மீ. வரும். அரை மி.மீ. வித்தியாசத்தை விட்டுவிடலாம். ஒரு மி.மீ. என்றால் குறைவான பக்கம் பார்த்து இன்னும் சுற்றுங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவில் நன்றாக அழுத்தி உருட்டுவதும் உதவும். உல்லனோ துணியோ எங்கும் எட்டிப் பார்க்காத நிலை வந்ததும் நூலை வெட்டி, முனையை ஊசியில் கோத்துப் பந்துக்குள் நாலைந்து முறை குறுக்கும் நெடுக்கும் ஓட்டி முடியுங்கள். முடிச்சு வேண்டாம்.

காதணி ஜோடிக்கு இரண்டு பந்தையும் இந்தக் கட்டத்தில் சேர்த்தே முடித்துவிட வேண்டும். ஒன்றைத் தைத்து முடித்தபின் இன்னொன்றைச் சுற்ற ஆரம்பித்தால் அளவு ஒத்துவராது.

பந்தைப் பிரித்தல்

வெறும் உருண்டைக்கு மேல் கீழ் கிடையாது, நாம்தான் வைக்க வேண்டும். எங்காவது ஒரு குண்டூசி குத்துங்கள், அது வடதுருவம். பட்டியின் முனையை அந்த ஊசியில் கோத்து, பந்தை முழுச்சுற்று சுற்றி, மறுபடி அதே ஊசிக்கு வந்த இடத்தில் வெட்டுங்கள். அந்தப் பட்டியைச் சரிபாதியாக மடித்தால் மடிப்பு இருக்கும் இடம் தென்துருவம். அதையும் பாதியாக மடித்தால் நடுக்கோடு.

மீண்டும் பட்டியை வடக்கிலிருந்து சுற்றி, பாதி மடிப்பில் வேறு நிற ஊசி குத்துங்கள். பட்டியை வடக்கு ஊசியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மடிப்பு அந்தத் தெற்கு ஊசியிலேயே விழுகிறதா என்று பாருங்கள். முதல்முறையே விழாது. விழும் இடங்களின் நடுவுக்கு ஊசியை நகர்த்துங்கள். பிறகு வடக்கிலிருந்து கால்பங்கு தூரத்தில் நாலைந்து இடத்தில் குத்தினால் நடுக்கோடு கிடைக்கும். அதே பட்டியை எட்டாக மடித்து நடுக்கோட்டில் சுற்றி, ஒவ்வொரு மடிப்பிலும் ஊசி. 63 மி.மீ. பந்தில் ஊசிக்கு ஊசி 8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும்.

இப்போது சரிகை நூல் ஒரு 40 செ.மீ. எடுங்கள். ஊசியைத் துருவத்திலிருந்து ஒரு செ.மீ. தள்ளிக் குத்தி வடதுருவத்தில் வெளியே எடுங்கள். நூலை முதல் நடுக்கோட்டு ஊசியைத் தொட்டு, தெற்கு ஊசியைச் சுற்றிப் போய், எதிர்ப்பக்கத்து ஊசி வழியாக வடக்கே திரும்புங்கள். ஒரு முழு வட்டம் இரண்டு கோடு தரும். வடதுருவத்தில் எட்டில் ஒரு பங்கு திரும்பி அடுத்த வட்டம், இப்படி நான்கு. பந்து ஆரஞ்சுச் சுளைகள்போல் எட்டாகப் பிரிந்து நிற்கும். இரண்டு துருவத்திலும் எல்லா நூலையும் சேர்த்து ஒரு சின்னத் தையல் போட்டு இறுக்குங்கள். கடைசியாக நடுக்கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். ஜப்பானிய முறையில் இதுதான் 8 எளிய பிரிவு. 6, 10, 16 எல்லாவற்றுக்கும் வழி இதேதான்.

எத்தனை பிரிவு என்பதைப் பந்தின் அளவே தீர்மானிக்கும். 16 இதழ்ச் சாமந்தி வேண்டும் என்று 20 மி.மீ. பந்தில் 16 கோடு போட்டால், துருவத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி, தையல் தொடங்கும் இடத்தில், கோட்டுக்குக் கோடு 0.8 மி.மீ. கூட இருக்காது. இரண்டு இழை நூலே அரை மி.மீ.க்கு மேல் அகலம். நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடாகிவிடும். காதணிக்கு 6 அல்லது 8 போதும். 16 வேண்டுமென்றால் 30 மி.மீ. பதக்கத்துக்குப் போங்கள்.

கைதேர்ந்தவர்கள் பந்தைப் பன்னிரண்டு ஐங்கோணமாகப் பிரிப்பார்கள். அதற்குப் பழைய வாய்ப்பாடு ஒன்று உண்டு: சுற்றளவில் ஆறில் ஒரு பங்கு, அதோடு நூறில் ஒரு பங்கு. 94 மி.மீ. சுற்றளவுள்ள பதக்கப் பந்துக்கு 15.7 கூட்டல் 0.9, அதாவது 16.6 மி.மீ. ஒரு மையத்திலிருந்து அடுத்த மையம் அந்தத் தூரம். கோளக்கணிதம் போட்டுப் பார்த்தாலும் ஏறத்தாழ அதே விடைதான் வருகிறது. மடித்த காகிதப் பட்டியோடு அந்தப் பாட்டிகள் இதை எப்படிக் கண்டுபிடித்தார்களோ.

முகம் எந்தப் பக்கம்

தைப்பதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். மேசையில் வைக்கும் பந்துக்கு இந்தக் கேள்வியே எழாது. நகைக்கு இதுதான் முக்கியம். பூ மலர்வது துருவத்தில். துருவத்தில் துளைத்துக் கொக்கி மாட்டினால் பூவின் நடு பீட் கேப்புக்குள் போய்விடும். எதிரில் நிற்பவருக்குத் தெரிவது பந்தின் இடுப்பு மட்டும்.

ஆகவே சாமந்தி, அறுகோணம், சகுரா போன்ற வடிவங்களுக்குக் கம்பியை நடுக்கோட்டில் இறக்குங்கள். ஒரு கோட்டின் நடுப்புள்ளியில் நுழைந்து நேரெதிர்ப் புள்ளியில் வெளியே வர வேண்டும். அப்போது ஒரு பூ முன்னால் பார்க்கும், இன்னொன்று கழுத்துப் பக்கம் பார்க்கும். காதணி திரும்பினாலும் பூதான் தெரியும். துருவத்திலிருந்து துருவத்துக்கு நீளவாக்கில் ஓடும் கதிர் வடிவத்துக்கு மட்டும் கம்பி துருவம் வழியாகவே போகலாம்.

முதல் ஜோடிக்கு: அறுகோணம்

6 எளிய பிரிவு போட்ட பந்தில், துருவத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி ஒரு கோட்டின் இடப்பக்கம் நூலை வெளியே எடுங்கள். அடுத்த கோட்டுக்கு நூலை நீட்டி, ஊசியை வலமிருந்து இடமாகக் கோட்டுக்கு அடியில் ஓட்டுங்கள். அடியிலுள்ள மெஷின் நூலையும் கொஞ்சம் அள்ளிக்கொள்ள வேண்டும். ஆறு கோட்டையும் தொட்டால் ஒரு அறுகோணம் முடியும். அடுத்தது அதை ஒட்டிக் கீழே. நிறத்தை இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நடுக்கோட்டுக்கு ஒரு மி.மீ. முன்பு நிறுத்திவிட்டு, பந்தைத் திருப்பித் தென்பக்கமும் அப்படியே. ஒரு மாலையில் கை பழகிவிடும்.

சாமந்தி

8 பிரிவுப் பந்தை எடுத்து, வடதுருவம் மேலே இருக்கும்படி பிடியுங்கள். கோடுகளுக்கு இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரை மனதில் எண் கொடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டுக்கு 5 மி.மீ. மேலே எட்டுக் கோட்டிலும் குண்டூசி குத்துங்கள். 20 மி.மீ. பந்தில் துருவத்திலிருந்து நடுக்கோடு 16 மி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கை இதழ் வளர்வதற்காக விட்டிருக்கிறோம்.

இரண்டு இழை நூல் ஒரு மீட்டர். 1ஆம் கோட்டின் இடப்பக்கம், துருவத்திலிருந்து 2 மி.மீ. கீழே வெளியே எடுங்கள். வலப்பக்கமாகச் சரித்து 2ஆம் கோட்டுக்கு இறங்கி, குண்டூசிக்குக் கீழே வலமிருந்து இடமாக ஒரு சின்னத் தையல். அங்கிருந்து 3ஆம் கோட்டுக்கு ஏறி, துருவத்திலிருந்து அதே 2 மி.மீ. தூரத்தில் வலமிருந்து இடமாகத் தையல். 4இல் இறங்கு, 5இல் ஏறு. இப்படி ஒற்றைப்படைக் கோட்டில் மேல்தையல், இரட்டைப்படையில் கீழ்த்தையல். தொடங்கிய இடத்துக்கு வந்தால் நான்கு முனை நட்சத்திரம் ஒன்று தெரியும். நூலை வெட்டாமல் ஒதுக்கி வையுங்கள்.

இன்னொரு நிறத்தை எடுத்து 2ஆம் கோட்டிலிருந்து இதையே செய்யுங்கள், இம்முறை இரட்டைப்படையில் மேல்தையல். இரண்டு நட்சத்திரமும் பின்னி எட்டு இதழ் வரும்.

இரண்டாம் சுற்றிலிருந்துதான் சாமந்தியின் ரகசியம். கீழ்த்தையல் முந்தையதை ஒட்டி அதற்குக் கீழே விழும், அதில் சிரமமில்லை. மேல்தையலைக் கவனியுங்கள். முதல் சுற்றில் இரண்டு நூல் அங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு இரு பக்கமும் விரிந்து இறங்குகின்றன. ஊசி அந்த விரிந்த நூல்களுக்கு வலப்பக்கம் வெளியே நுழைய வேண்டும். கோடு, முந்தைய நூல்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடி இடப்பக்கம் வெளியே வர வேண்டும். எந்த நூலையும் ஊசிமுனை குத்திப் பிளக்கக் கூடாது, அடியிலிருக்கும் மெஷின் நூலை மட்டும் அள்ள வேண்டும். நூலை இழுத்ததும் புதிய நூல் பழைய நூல்களின் மேலே குறுக்காக ஏறி உட்காரும். சுற்றுக்குச் சுற்று இந்தத் தையல் கொஞ்சம் அகலமாகி, துருவத்தை விட்டுக் கீழே நகரும். ஜடை பின்னல் மாதிரியான அந்த முகடு உருவாகத் தொடங்கியதும் கைக்குத் தானாகப் புரிந்துவிடும். அதுவரை ஒவ்வொரு தையலிலும் ஊசி வெளியே வந்த இடத்தைப் பார்த்துவிட்டே நூலை இழுங்கள்.

முதல் நிறத்தில் இரண்டு சுற்று, மற்றதில் இரண்டு சுற்று என்று மாறி மாறிப் போனால் இதழ்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னியதாகத் தெரியும். 6 அல்லது 7 சுற்றில் முனை நடுக்கோட்டுக்கு ஒரு மி.மீ. மேலே வந்து நிற்கும். கடைசிச் சுற்றை வெள்ளையிலோ தங்கச் சரிகையிலோ முடித்தால் ஓரம் எடுப்பாக இருக்கும். குண்டூசிகளை எடுத்துவிட்டுத் தென்பக்கம் இதையே செய்யுங்கள்.

இரண்டு பூவுக்கும் நடுவில் மிச்சமிருக்கும் 2 மி.மீ. இடைவெளியில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் நூலைப் பக்கம் பக்கமாகச் சுற்றுங்கள். இதுதான் இடுப்புப்பட்டி, ஒதுக்கி வைத்த சில்க் த்ரெட்டுக்கு இங்கே வேலை. சுற்றி முடித்ததும் பட்டி நகராமலிருக்க, மெல்லிய சரிகையால் மேலும் கீழும் கோணல் கோணலாக ஒரு தையல் ஓட்டம்.

கம்பியும் கொக்கியும்

நடுக்கோட்டில் எதிரெதிர்ப் புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். முதலில் நீளமான ஊசியை மட்டும் ஒருமுறை முழுக்க ஓட்டிப் பாதை செய்யுங்கள். உமி வழிவிடும். நிறுத்தி நிதானமாக, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே தள்ளினால் சரியான இடத்தில் வெளியே வரும். ஹெட் பின்னின் முனையைக் கட்டரால் சாய்வாக வெட்டிக் கூராக்கி, முத்து ஒன்றைக் கோத்து, அந்தப் பாதையிலேயே கீழிருந்து மேலே ஏற்றுங்கள். மேலே 4 மி.மீ. பீட் கேப். அதைவிடப் பெரிதாக வைத்தால் பந்தைவிடத் தொப்பிதான் தெரியும்.

மிச்சக் கம்பியில் 2 செ.மீ. விட்டு வெட்டி, ரவுண்ட் நோஸ் பிளையரால் வளையம் செய்து, முனையை கேப்புக்கு மேல் இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். வெறுமனே வளைத்து மூடினால் போதாது, துப்பட்டா இழுத்தால் திறந்துகொள்ளும். அங்கே ஜம்ப் ரிங், அதில் கொக்கி. ஜம்ப் ரிங்கைப் பக்கவாட்டில் விரிக்காமல் முன்னும் பின்னுமாகத் திருகித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடும்போது வட்டம் கெடும். காது புண்ணாகும் என்று பயப்படுபவர்கள் கொக்கியை மட்டும் 92.5 வெள்ளியில் வாங்கிக்கொள்ளலாம்.

ஹோன்ஜோ பாணியில் குஞ்சம் வேண்டுமென்றால் ஹெட் பின்னுக்கும் முத்துக்கும் பதிலாக ஐ பின் (முனையில் வளையமுள்ள கம்பி) போட்டு, கீழ்வளையத்தில் அதே நூலில் 3 செ.மீ. குஞ்சம் கட்டுங்கள். பதக்கத்துக்கு வேலை இதேதான், பந்து மட்டும் 30 மி.மீ.

மோதிரம் கேட்பவர்களுக்கு

பந்தை மோதிரத்தில் ஒட்டாதீர்கள். கை கழுவும்போதெல்லாம் நனைந்து பாழாகும். காகாப் பகுதியிலேயே அதற்கு வேறு வழி இருக்கிறது. கிமோனோ தைக்கும் பெண்கள் மிஞ்சிய பட்டுநூலில் விரலுறை செய்வார்கள், பெயர் யுபினுகி. நம் இரும்பு விரலுறையைப்போல முனை மூடியிராது, வளையமாக இருக்கும். இப்போது அதை மோதிரமாகவே பலர் அணிகிறார்கள்.

விரலைச் சுற்றி ஒரு செ.மீ. அகல அட்டைப் பட்டியை இரண்டு மூன்று சுற்று ஒட்டி, மெல்லிய துணியால் மூடி, வெளிப்பக்கம் பஞ்சு நூலைச் சுற்றி லேசாக உப்பலாக்குங்கள். காகிதப் பட்டியால் சுற்றளவை 12 சமபங்காகக் குறித்து, மேல் விளிம்பில் 1, கீழ் விளிம்பில் 2, மேலே 3 என்று நூலைக் கோணலாக ஓட்டுங்கள். அடுத்த சுற்று ஒரு நூலகலம் தள்ளி. பாதித் தூரத்தில் நிறம் மாற்றினால் இரண்டு நிறமும் முக்கோணச் செதில்களாகக் கோத்து நிற்கும். அந்தச் செதில் வடிவம் தீமையை விலக்கும் என்பது அங்கத்திய நம்பிக்கை. விளிம்பை மட்டும் அள்ளித் தைக்க வேண்டும், அட்டையைத் துளைக்க வேண்டியதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் பந்தைவிடச் சுலபம் என்று தோன்றும். நூல் இடைவெளி சீராக வருவதற்கு இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும்.

பராமரிப்பு

வார்னிஷ், பசை, ஹேர் ஸ்ப்ரே எதையும் மேலே பூசாதீர்கள். சில காணொளிகளில் செய்கிறார்கள். நூல் கெட்டியாகிப் பளபளப்பு போய்விடும், தூசி ஒட்டினால் போகவும் போகாது. சென்ட் அடித்து, அது காய்ந்தபின் காதணியைப் போடுங்கள். கழற்றியதும் ஒருமணி நேரம் வெளியில் காற்றாட வைத்து, பிறகு மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றோடு போடுங்கள். கடலோர ஊர்களில் இது கட்டாயம், ஈரம் ஏறிய உமி பூசணம் பிடிக்கும். தூசியைக் காய்ந்த பல்துலக்கியால் நூல் போகும் திசையில் தட்டிவிடலாம். மேலே ஒரு நூல் எழும்பினால் வெட்டாதீர்கள். ஊசியின் காதுப்பக்கத்தால் பக்கத்து நூலுக்கு அடியில் தள்ளிவிட்டால் உட்கார்ந்துகொள்ளும். கொக்கி கறுத்துப்போனால் அதை மட்டும் மாற்றினால் போதும், பந்தைத் தொட வேண்டியதில்லை.